வி.பி.என் அறுந்தால் இணையமும் நிற்க வேண்டும்: 'கில் சுவிட்ச்' எதற்காக?

உணவகம், தங்கும் விடுதி, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் இலவச வைஃபை கிடைத்தால், பாதுகாப்புக்காக வி.பி.என் செயலியை முடுக்கிவிட்டு இணையத்தில் நுழைவோர் பலர். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்போருக்கும் அது அன்றாடத் தேவையாகிவிட்டது. ஆனால், அந்த இணைப்பு நடுவழியில் அறுந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் இணையம் நிற்பதில்லை. பாதுகாப்பு மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

அறுந்த பின் நடப்பது என்ன?

வி.பி.என் என்பது உங்கள் கைப்பேசிக்கும் சேவை நிறுவனத்தின் கணினிக்கும் இடையே போடப்படும் மூடிய குழாய் போன்றது. வைஃபை வழங்குபவருக்கு அந்தக் குழாய் தெரியும். உள்ளே போவது தெரியாது. நீங்கள் செல்லும் அகப்பக்கமும் உங்கள் உண்மையான ஐ.பி. முகவரியைக் காண்பதில்லை.

குழாய் அறுந்தவுடன் கைப்பேசி, கிடைக்கின்ற வேறு வழியைத் தேடுகிறது. அதாவது, பழைய திறந்த பாதைக்கே திரும்புகிறது. நீங்கள் திரையைத் தொடாவிட்டாலும் புலனம், மின்னஞ்சல், படங்களைச் சேமிக்கும் செயலி போன்றவை பின்னணியில் அந்தப் பாதையில் ஓடத் தொடங்கிவிடும்.

இது அரிதாக நடப்பதல்ல. பட்டணத்து வைஃபையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு மாறும்போது, செம்பனைத் தோட்டத்திற்குள் அலைவரிசை பலவீனமாகும்போது, மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பு வி.பி.என் செயலியை மூடும்போது எல்லாம் இணைப்பு அறுபடலாம்.

எது வெளியே தெரியும்?

வங்கி அகப்பக்கங்களும் புலனமும் தனியாகவே மறைகுறியாக்கம் செய்கின்றன. எனவே, வி.பி.என் அறுந்த நொடியே கடவுச்சொல் களவு போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், எந்த அகப்பக்கத்திற்கு, எத்தனை மணிக்குச் சென்றீர்கள் என்பது வைஃபை வைத்திருப்பவருக்குத் தெரிய வாய்ப்புண்டு.

வேலையிடத்து வைஃபையில் இருந்தபடி, சம்பளப் பாக்கி பற்றித் தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் எழுதும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் என்ன எழுதினார் என்பது தெரியாவிட்டாலும், எங்கே சென்றார் என்பது தெரிந்தாலே போதும். அதற்குச் சில நொடிகள் தாராளம்.

தானாக விழும் சுவிட்ச்

வீட்டில் மின்சாரம் கசிந்தால் மின் பெட்டியில் சுவிட்ச் தானாக விழுந்து, வீடே இருட்டாகிறது. சற்றுத் தொல்லைதான்; ஆனால் உயிர் தப்புகிறது. 'கில் சுவிட்ச்' செய்வதும் அதுவே. வி.பி.என் அறுந்தால், அது மீண்டும் இணையும் வரை இணையப் போக்குவரத்து முழுவதையும் தடுத்துவிடும்.

ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த வசதி கைப்பேசியிலேயே உள்ளது. அமைப்புகளில் வி.பி.என் பகுதிக்குச் சென்று, செயலியின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியைத் தட்டுங்கள். 'ஆல்வேஸ்-ஆன் வி.பி.என்', 'பிளாக் கனெக்‌ஷன்ஸ் வித்அவுட் வி.பி.என்' ஆகிய இரண்டையும் முடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் முடுக்கினால், அது வி.பி.என்-ஐ மீண்டும் இணைக்க முயலுமே தவிர, இடைப்பட்ட கசிவைத் தடுக்காது.

ஐபோனிலும் விண்டோஸ் கணினியிலும் வி.பி.என் செயலியின் அமைப்புகளுக்குள் 'கில் சுவிட்ச்' உள்ளதா எனப் பாருங்கள். எல்லாச் செயலிகளிலும் அது இருப்பதில்லை; இருந்தாலும் சிலவற்றில் நாம்தான் முடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தடுப்பு விழுந்திருக்கும்போது புலன அழைப்புகள் வரமாட்டா. சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் பாதிப்பில்லை. பெற்றோரின் கைப்பேசியில் இதை முடுக்கினால் அவர்களிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

விடுதி வைஃபையின் நுழைவுப் பக்கம் திறக்காமல் போகலாம். அப்போது தடுப்பைச் சற்று நிறுத்தி, உள்ளே நுழைந்த பின் மறவாமல் மீண்டும் முடுக்க வேண்டும். வங்கிச் செயலியை வி.பி.என்-இலிருந்து விலக்கி வைத்திருந்தால், ஆண்ட்ராய்டின் இந்தத் தடுப்பு அதையும் நிறுத்திவிடக்கூடும்.

தடுப்பும் நூறு விழுக்காடு அல்ல. இணையம் இருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு தானாகச் செய்யும் சில சோதனைகள், தடுப்பு முடுக்கப்பட்டிருந்தும் குழாய்க்கு வெளியே செல்வதை 2022 அக்டோபரில் சுவீடனின் முல்வாட் நிறுவனம் வெளிப்படுத்தியது.

புலனத்தில் வரும் போலிச் செயலியை நீங்களே பதிவிறக்கினால், வி.பி.என்-ஓ கில் சுவிட்சோ காப்பாற்றாது. அப்படிப் பணம் பறிபோனால் உடனே உங்கள் வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்கள்.

ஆண்ட்ராய்டில் அமைப்பு வேலை செய்கிறதா என அறிய, இரண்டையும் முடுக்கியபின் செயலியில் வி.பி.என் இணைப்பை நீங்களே துண்டித்து, ஏதேனும் ஓர் அகப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் தடுப்பு சரியாக இருக்கிறது. திறந்துவிட்டால் அமைப்புகளை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.