மூன்று வாசல்களின் நகரம்

திருவனந்தபுரத்தைப் பல ஆண்டுகளாக அறிவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். உண்மையில் நான் அறிந்திருந்தது ஒரு மருத்துவமனையின் மூன்றாம் தளத்தையும், அதன் எதிரே இருந்த மருந்துக்கடையையும், நாள் வாடகைக்கு எடுத்த ஓர் அறையையும் மட்டுமே. நெல்லை, குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்நகரம் இப்படித்தான் அறிமுகமாகிறது. நோயாளியுடன் வருகிறோம், அவர் தேறியதும் கிடைத்த ரயிலில் ஊர் திரும்பிவிடுகிறோம்.

என் தந்தையார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 12 ஆண்டுகளுக்கு முன் இதய அறுவை சிகிச்சைக்காக அம்மாவும் நானும் அவரை இங்கே அழைத்து வந்திருந்தோம். அந்த மூன்று வாரங்களில் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவ்வளவு தூரம் வந்துட்டு அனந்தபத்மநாபனைச் சேவிக்காமப் போறதா? அப்படியே சாலைத் தெருவையும் ஒரு நடை பார்த்துட்டு வந்திரலாமே" என்றார். "அடுத்த தடவை வரும்போது போகலாம்ப்பா" என்றேன். மறு பரிசோதனைகளை ஊரிலேயே செய்துகொள்ள வழி கிடைத்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள் நலமாக வாழ்ந்து அவர் மறைந்தார். அந்த அடுத்த தடவை மட்டும் வரவே இல்லை.

அண்மையில் ஐந்து நாள் அலுவலகப் பயிற்சிக்காக மீண்டும் இந்நகரத்துக்கு வர நேர்ந்தது. பயிற்சி வெள்ளிக்கிழமை முடிந்தது. சென்னைக்கு ரயிலில் இடம் ஞாயிறு இரவுக்குத்தான் கிடைத்தது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. உடன் பயின்றவர்கள் அவரவர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டனர். 52 வயதில், எனக்குத் துணையாக எவரும் இன்றி, எவருக்கும் நான் துணையாகவும் இன்றி, ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குவது எனக்கு அதுவே முதல் முறை. "தனியா எங்கயும் சுத்தாத. ரூமிலயே இரு" என்றார் அம்மா தொலைபேசியில். எனக்கும் உள்ளூரச் சற்று அச்சம் இருந்தது. ஆயினும் விடியற்காலைக்கு அலாரம் வைத்துவிட்டே படுத்தேன்.

கிழக்கே கோட்டையில் காலை

ஆறு மணிக்குக் கிழக்கே கோட்டையில் இறங்கியபோது பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. அங்கிருந்து சில நிமிட நடையில் பத்மதீர்த்தக் குளமும், அதன் மேற்கே ஏழு நிலைக் கோபுரமும் தென்படுகின்றன. மலையாள மண்ணில் நிற்கும் அக்கோபுரம், நம் பக்கத்துக் கோயில் ஒன்றின் வாசலுக்கே வந்துவிட்டோமோ என்று எண்ண வைக்கிறது. நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திவ்விய தேசங்களுள் இதுவும் ஒன்று என்பது நினைவுக்கு வந்தது.

1750ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் இப்பெருமாளுக்கே சமர்ப்பித்தார். அவரும் அவருக்குப் பின் வந்த மன்னர்களும் பத்மநாபதாசர் என்ற பெயரிலேயே நாட்டை ஆண்டனர். 2011இல் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே இக்கோயிலின் பொன்னைப் பற்றிப் பேசியது. வரிசையில் நின்ற எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கருவறையின் முன் ஒற்றைக்கல் மண்டபம் இருக்கிறது. பெயருக்கேற்ப அதன் தளம் ஒரே கல்லால் ஆனது. அதன்மேல் ஏறி நின்றால் எதிரே மூன்று வாசல்கள். 18 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை எந்த ஒரு வாசலின் வழியாகவும் முழுமையாகக் காண இயலாது. முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின்மேல் தாழ்ந்திருக்கும் வலக்கரமும் தெரிகின்றன. நடு வாசலில் உந்தித் தாமரையும் அதில் அமர்ந்த பிரமனும் தெரிகின்றனர். மூன்றாம் வாசலில் திருவடிகள். ஒவ்வொரு வாசலிலும் சில நொடிகளே நிற்கலாம். மூன்றையும் கண்ட பிறகு முழு உருவை நாமேதான் மனத்துள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வாசலில் எனக்காக ஒரு முறையும் அப்பாவுக்காக ஒரு முறையும் கும்பிட்டேன். காவலர் நகரச் சொன்னார், நகர்ந்தேன்.

காத்திருக்கும் உரிமை

வெளியே வந்தபோது எட்டு மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன. குளத்தை நோக்கிய பழைய கட்டடத்தின் உச்சியில் 'மேத்தன் மணி' எனப்படும் கடிகாரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. மணியடிக்கும்போது அதிலுள்ள தாடிக்கார மனிதர் வாயைத் திறக்க, இருபுறமும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னங்களில் வந்து முட்டும். குடும்பத்தோடு வந்திருந்தால் இதற்காகப் பன்னிரண்டு நிமிடம் நின்றிருக்க மாட்டோம். யாராவது ஒருவருக்குப் பசித்திருக்கும். அன்று என்னை அவசரப்படுத்த எவரும் இல்லை. சிறு பிள்ளைகளோடு சேர்ந்து அண்ணாந்து நின்று எட்டு முட்டுகளையும் எண்ணினேன். தனிமையின் முதல் பயன் அப்போது புரிந்தது.

கோயிலுக்கு அருகிலேயே உள்ள குதிரை மாளிகை சுவாதித் திருநாள் மன்னர் கட்டியது. இதன் கூரை விளிம்பைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன, அதனாலேயே இப்பெயர். 1829 முதல் 1846 வரை ஆண்டு, 33 வயதிலேயே மறைந்த அம்மன்னர் சிறந்த வாக்கேயக்காரர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தவர். வயலினைக் கருநாடக இசையில் நிலைபெறச் செய்தவர்களுள் ஒருவரான அவருக்கு, மன்னர் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இதே கோட்டைப் பகுதியில் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுகளும் கச்சேரி நடக்கும். அங்கே எவரும் கைதட்டுவதில்லை. பாட்டு சரசுவதிக்கான வழிபாடு என்பதே காரணம். அந்தச் சரசுவதியும் ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருள்கிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறி, குமரிப் பகுதி தமிழகத்துடன் இணைந்த பின்னரும் இந்தத் தெய்வங்களின் பயணம் நிற்கவில்லை.

சாலைக் கம்போளம்

கிழக்கே கோட்டைக்கு எதிரே தொடங்குகிறது சாலைத் தெரு. உள்ளூரார் இதைச் சாலைக் கம்போளம் என்பர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை இது. தமிழ் வணிகர்கள் பலர் தலைமுறைகளாக இங்கே கடை நடத்துகின்றனர். அவர்களுள் ஒருவராகக் கடையில் அமர்ந்தபடியே இத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 'கடைத்தெருக் கதைகள்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நூல். 2015இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். அப்பா பார்க்க விரும்பியது இந்தத் தெருவையே.

வெற்றிலைக் கட்டுகள், பித்தளை உருளிகள், கருப்பட்டிச் சிப்பங்கள், சுமை தூக்குவோரின் அதட்டல் ஆகியவற்றினூடே நடந்தேன். ஒரு வாழைக்காய் மண்டியின் முன் நின்று, "நேந்திரம் என்ன விலைங்க?" என்றேன். "ஏத்தன்னு சொல்லுங்க, இங்க அதான் பேரு" என்று தமிழிலேயே பதில் வந்தது. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சாலைக்குள்ள வந்தாச்சுல்லா, இனி தனியா எங்க?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார். அப்பா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அமர்ந்து அரை நாள் பேசியிருப்பார். நான் அரை மணி நேரம் பேசினேன்.

தனியே உண்ணுதல்

தனியே செல்வோர்க்கு ஊர் சுற்றுவதைவிட உணவகத்தில் அமர்வதே பெரும் கூச்சம். நானும் அப்படித்தான். தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள இந்தியன் காபி ஹவுஸ் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் இவ்வுணவகத்தின் செங்கல் கோபுரத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்நகரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு, 2007இல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். உள்ளே மாடிகள் இல்லை. சுருள் சுருளாக ஏறிச் செல்லும் ஒரே சரிவுப் பாதை மட்டுமே. அதன் ஓரமாகச் சுவரோடு கட்டிய மேசைகள். காற்றும் வெளிச்சமும் செங்கல் இடைவெளிகளின் வழியே வருகின்றன.

எதிரே அமர்ந்த அம்மையார் ஒருவர் தம் தட்டிலிருந்து தலை நிமிராமலே, "வெள்ளம் வேணோ?" என்று குவளையை நகர்த்தினார். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துச் செல்வது. அவர்களுக்குத் தாகம் தீர்ப்பது. பதிமுகப் பட்டையிட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரைக் குடித்தேன். விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்த பணியாளர், பீட்ரூட் சேர்த்த மசாலாவுடன் தோசையைக் கொண்டுவந்து வைத்தார். நான் தனியே அமர்ந்திருப்பதை எவரும் கவனிக்கவில்லை. சிறிது நேரத்தில் நானும் அதை மறந்தேன்.

அன்றிரவு அறையில், அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த 'பள்ளிகொண்டபுரம்' நாவலைத் திறந்தேன். இந்நகரிலேயே பிறந்து, மின்வாரியப் பொறியாளராகப் பணியாற்றிய நீல பத்மநாபன் எழுதி, 1970இல் வெளிவந்த நூல். நடுவயது அனந்தன் நாயர் கடந்த காலத்தைச் சுமந்துகொண்டு இந்தத் தெருக்களில் அலைகிறார். காலையில் நான் நடந்த இடங்கள் அச்சில் எதிர்ப்பட்டபோது, அறிமுகமானவர்களைக் கண்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடை

மறுநாள் மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தேன். தலைமைச் செயலகத்தின் எதிரே உள்ள நிறுத்தத்துக்கு 'ஸ்டாச்சு' என்றே பெயர். அங்குச் சிலையாக நிற்பவர் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக உயர்ந்த டி. மாதவ ராவ். சற்றுத் தள்ளிப் பாளையம். பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் பேராலயமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அங்கே வழி தவறினேன். கேட்டதும் கல்லூரி மாணவி ஒருத்தி, "சேச்சி வா" என்று அருங்காட்சியகம் தெரியும் திருப்பம் வரை உடன் நடந்தாள். துணையோடு வந்திருந்தால் நான் எவரிடமும் வழி கேட்டிருக்க மாட்டேன்.

நேப்பியர் அருங்காட்சியகம் 1880இல் கட்டி முடிக்கப்பட்டது. பெயர், அன்றைய சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவினுடையது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் இவரே. கேரளக் கூரைச் சரிவுகளும் வண்ணப் பட்டைச் சுவர்களும் கொண்ட இக்கட்டடத்துள் வெயில் நேரத்திலும் காற்று தாராளமாக உலவுகிறது. அதே வளாகத்தில் ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள் உள்ளன. அவர் 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரசுவதியும்தான் நம் பாட்டிமார்களின் பூசை அறைகளை நிறைத்தவர்கள். அச்சுப் படமாகவே கண்டு பழகிய அந்தக் கையின் தூரிகைத் தடத்தை நேரில் காண்பது வேறோர் அனுபவம்.

மாலையில் சங்குமுகம் கடற்கரை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபர் ஆறாட்டுக்காக எழுந்தருளும் கடல் இதுவே. ஊர்வலப் பாதை விமான நிலையத்தின் ஊடே செல்வதால், அந்நாள்களில் சில மணி நேரம் ஓடுபாதையை மூடி விமானங்களை நிறுத்தி வைக்கின்றனர். மெரினாவில் கதிரவன் கடலிலிருந்து எழக் கண்டு பழகிய எனக்கு, இங்கே அது கடலுக்குள் இறங்குவதைக் காண்பது புதிதாக இருந்தது. மணலில் அமர்ந்து அம்மாவை அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "மூணு வாசலும் நல்லாத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். அந்த மூன்று வாரங்கள் அவரும் என்னோடு மருத்துவமனையில்தான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வர்றேன்மா" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். ரயில் நிலையத்துக்கு வந்ததும் கைபேசியில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, அடுத்த மாத இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டி இரண்டு கீழ்ப் படுக்கைகளைப் பதிவு செய்தேன். அதன் பிறகே அம்மாவை மீண்டும் அழைத்துத் தேதியைச் சொன்னேன்.

தனியே செல்வோர்க்குச் சில குறிப்புகள்

பத்மநாப சுவாமி கோயிலில் ஆண்கள் மேலாடையின்றி வேட்டியும், பெண்கள் புடவை போன்ற மரபு உடையும் அணிய வேண்டும். கைபேசிக்கு அனுமதி இல்லை. காலையில் நடை இடையிடையே சாத்தப்படும். நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். நேரத்தை முன்னரே கேட்டுச் செல்லுங்கள். அருங்காட்சியகமும் குதிரை மாளிகையும் திங்களன்று விடுமுறை. தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருப்பதால் அப்பகுதியில் தங்குவது வசதி. கிழக்கே கோட்டைக்கு நடந்தே செல்லலாம். தங்குமிடத்தின் முகவரியையும் ரயில் விவரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பணத்தையும் அட்டையையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கைபேசியை ஒப்படைத்துவிட்டு நிற்கும் நேரத்தில் அதன்வழிப் பணம் செலுத்த இயலாது. சிறிது சில்லறை கையில் இருக்கட்டும்.