திருத்தவும் வழங்கவும்: ஒரு மின்னஞ்சல் நிரலின் வரலாறு

‘படியெடுக்கவும் திருத்தவும் வழங்கவும் இசைவு உண்டு’ என ஓர் உரிமத்தில் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். திருத்தியதை வழங்க அவ்வுரிமத்தில் இடம் உண்டா, இல்லையா? ஒவ்வொரு வினையோடும் உம்மை வருதலின் அவை தனித்தனி வினைகள் என்று ஒருவர் கூறலாம். அவர் கருத்துப்படி, திருத்தலாம், வழங்கலாம், திருத்தி வழங்கல் ஆகாது. எல்லாம் ஒரே இசைவில் அடங்கியவை, ஆதலின் திருத்தி வழங்கவும் தடையில்லை என்று மற்றொருவர் கூறலாம். இஃது இலக்கண வகுப்பில் மட்டும் எழும் ஐயம் அன்று. ஆங்கிலத்தில் அமைந்த இத்தகைய உரிம வாசகம் ஒன்றைப் பற்றிக் கணினி உலகில் மெய்யாகவே கருத்து வேறுபாடு எழுந்தது. பைன் என்னும் மின்னஞ்சல் நிரலைப் பற்றியதே அவ்வேறுபாடு. அதன் பொருளை உணர, மூலத்திலிருந்து ஒரு நிரலை ஆக்கி நிறுவும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மூலநிரல் என்பது யாது?

நிரலாசிரியர்கள் சி முதலிய நிரல்மொழிகளில் எழுதுகின்றனர். அம்மொழியைப் பயின்றவர் அதனைப் படிக்கலாம். இவ்வரி இன்னது செய்கிறது என விளக்கலாம். பிழை கண்டால் சுட்டலாம். இதுவே மூலநிரல். ஆயினும் கணினியின் செயலகம் இதனை நேரே அறியாது. எண்வடிவக் கட்டளைகளையே அது அறியும். மூலத்தை அக்கட்டளைகளாக மாற்றித் தருவதும் ஒரு நிரலே. அதற்குத் தொகுப்பி என்று பெயர். தொகுப்பி ஆக்கித் தருவதை இயங்குநிரல் எனலாம்.

இயங்குநிரலிலிருந்து மூலத்தை மீட்பது அரிது. ஆசிரியர் வரிகளுக்கிடையே எழுதிய விளக்கக் குறிப்புகள் தொகுக்கும்பொழுதே நீங்கிவிடும்; அவர் இட்ட பெயர்களும் பெரும்பாலும் நில்லா. ஆகவே, இயங்குநிரலை மட்டும் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாமேயன்றி, எளிதில் ஆராயவோ திருத்தவோ இயலாது.

நிறுவும் முறை

பைனின் வழித்தோன்றலாகிய அல்பைன் என்னும் நிரலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மூலம் ஒரே பொதியாகச் சுருக்கி வழங்கப்படுகிறது. பொதியைப் பிரித்தபின் செய்ய வேண்டுவன மூன்று: ஆராய்தல், தொகுத்தல், நிறுவுதல்.

முதற்கட்டளை ‘கான்ஃபிகர்’. இது நம் கணினியை ஆராய்கிறது. தொகுப்பி உண்டா, திரையில் எழுத்துகளை அமைக்கும் நூலகம் உண்டா, மடல்களை மறையாக்கி அனுப்பும் நூலகம் உண்டா என ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொள்கிறது. தொடக்கநிலையினர் பெரிதும் இடறுவது இவ்விடத்தேதான். நூலகம் கணினியில் இருந்தும், ‘காணவில்லை’ என்று கட்டளை நின்றுவிடும். காரணம் எளிது. நூலகத்தில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, பிற நிரல்கள் இயங்கும்பொழுது துணைநிற்பது. மற்றொன்று, புதிய நிரலைத் தொகுக்கும்பொழுது வேண்டப்படும் தலைப்புக் கோப்புகள். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் இவ்விரண்டாம் பகுதி தனிப் பொதியாக இருக்கும். அதனை நாமே கேட்டுப் பெற வேண்டும்.

மறையாக்கப் பகுதி இல்லாமலும் நிரலைத் தொகுத்துவிடலாம். ஆனால் மறையாக்கமின்றி வருவோரை ஏற்காத அஞ்சல் வழங்கியிடம் அந்நிரல் செல்லாது. ஆகவே, கட்டளை முடிந்ததும் அது திரையில் எழுதிய அறிக்கையைப் படித்துப் பார்த்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

இரண்டாம் கட்டளை ‘மேக்’. நிரலின் கோப்புகளை எம்முறையில் தொகுத்து இணைக்க வேண்டும் என்னும் குறிப்பைப் படித்து, அவ்வாறே செய்து முடிப்பது இதன் பணி. ஒரு கோப்பைத் திருத்தியபின் மீண்டும் இக்கட்டளையைத் தந்தால், அத்திருத்தத்தால் மாறுபடும் பகுதிகளை மட்டும் புதிதாகத் தொகுக்கும். மூன்றாம் கட்டளை ‘மேக் இன்ஸ்டால்’. முடிந்த நிரலை அதற்குரிய அடைவில் இது வைக்கிறது. பொது அடைவில் வைக்கக் கணினிப் பொறுப்பாளரின் அதிகாரம் தேவை; அஃது இல்லாதவர் முதற்கட்டளையிலேயே தம் சொந்த அடைவைக் குறித்துவிடலாம்.

பைனுக்கு நேர்ந்தது

பைன் 1989-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. செய்யத்தக்கவற்றைத் திரையின் அடியில் எப்பொழுதும் காட்டி நின்றமையால் கணினிக்குப் புதியவரும் அதனை எளிதில் கையாண்டனர். அதன் மூலமும் யாவரும் பெறுமாறு வழங்கப்பட்டது. ஆனால், திருத்தவும் வழங்கவும் தந்த இசைவு, திருத்திய படிகளை வழங்குவதற்குத் தந்த இசைவு ஆகாது என்று பல்கலைக்கழகம் பொருள் கொண்டது.

இதன் விளைவு வியப்புக்குரியது. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலினர், தம் அமைப்புக்கு ஏற்பத் திருத்தித் தொகுத்த பைனைப் பயனர்க்குத் தர இயலவில்லை. மூலத்தையும் திருத்தங்களையும் மட்டும் தந்தனர். பயனர் ஒவ்வொருவரும் தம் இல்லத்திலேயே அதனைத் தொகுத்து நிறுவிக்கொள்ள நேர்ந்தது. ஒருவர் ஒருமுறை செய்தால் போதுமான பணியைப் பலர் பலமுறை செய்தனர். பைனோடு வந்த பிக்கோ என்னும் எழுத்துத் திருத்திக்கும் இதே இடர் இருந்தது. அதற்கு மாற்றாக 1999-இல் ஒரு புதிய நிரல் எழுதத் தொடங்கினர். நானோ என்று இன்று பலரும் அறிந்திருப்பது அதுவே.

பின்னர்ப் பல்கலைக்கழகமே வழி திறந்தது. அல்பைன் என்னும் புதிய நிரலை அப்பாச்சி உரிமத்தின்கீழ் அமைத்து, அதன் முதற்பதிப்பை 2007-இல் வெளியிட்டது. திருத்திய படிகளை வழங்கலாம் என்பதை அவ்வுரிமம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. திருத்திய கோப்புகளில் திருத்தம் செய்தமையைக் குறிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 2008-இல் பல்கலைக்கழகம் அப்பணியிலிருந்து விலகியது. ஆயினும் நிரல் மறையவில்லை. எடுவார்டோ சாப்பா என்பார் அதனைப் பேணிப் புதிய பதிப்புகளை வெளியிட்டு வந்தார். தெளிவான உரிமம் ஒரு நிரலுக்கு வாழ்நாளைக் கூட்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழுக்கு என்ன?

1990-களில் ஒரு குறியாக்கத்தில் எழுதிய தமிழ் மடல், அதற்குரிய எழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியதைப் பலரும் அறிவர். யூனிக்கோடு அக்குறையை நீக்கியது. பைனில் இல்லாத யூனிக்கோடு ஆதரவு அல்பைனில் சேர்க்கப்பட்டது. எனினும் ‘கொ’ போன்ற எழுத்து தன் குறிகளோடு கூடிச் செவ்வையாகத் தோன்ற, நிரல் மட்டும் போதாது. அது இயங்கும் எழுத்துத் திரையும் அதற்கேற்ப அமைய வேண்டும். நம் எழுத்து பிழைபடத் தோன்றும்பொழுது, பிறர் அதனைக் கவனிப்பார் என்று காத்திருப்பதா, நாமே திருத்துவதா? திருத்தும் வழி மூலத்தில் இருக்கிறது. அத்திருத்தம் மற்றவர்க்கும் பயன்படும் வழி உரிமத்தில் இருக்கிறது.

ஆகவே, பள்ளிக்கோ மாணவர்க்கோ ஒரு நிரலைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். மூலம் கிடைக்குமா? திருத்தி வழங்க இசைவு உண்டா? முதல் வினாவுக்கு மட்டும் ‘ஆம்’ என்று விடை கிடைத்தால், பைனைப் பெற்றவர் நிலையே நம் நிலையாகும். ‘திருத்தவும் வழங்கவும்’ என்பதற்கும் ‘திருத்தி வழங்கவும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?