லவுசிட்ஸ் நாட்டுச் சோர்பியர்

ஜெர்மன் நாட்டின் கிழக்கு ஓரத்தில் லவுசிட்ஸ் என்று ஒரு நிலப்பகுதி இருக்கிறது. அதற்குக் கிழக்கே போலந்து. தெற்கே செக் நாடு. அங்குள்ள பல ஊர்களில் பெயர்ப் பலகைகள் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். மேல் வரி ஜெர்மன் மொழி. அதில் பௌட்சன் என்று குறிக்கப்பட்ட நகரையே கீழ் வரி புடிஷின் என்று குறிக்கும். அந்தக் கீழ் வரியின் மொழி சோர்பிய மொழி. ஜெர்மன் மொழியோடு நெருங்கிய உறவு இல்லாதது. போலிஷ், செக் மொழிகளுக்கு உடன்பிறந்தது. அதனைத் தம் மொழியாகக் கொண்ட மக்களின் தொகை ஏறத்தாழ 60,000 என்று மதிப்பிடுவர். அவர்களுள் அம்மொழியை இன்றும் நாள்தோறும் பேசுவோர் அதனினும் மிகக் குறைவு.

இச்சிறு மக்களைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. என் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் நான். ஒரு மொழி எதனால் வாழ்கிறது, எதனால் தேய்கிறது என்ற கேள்வி ஆசிரியனை விடாமல் தொடர்வது. அதற்கு லவுசிட்ஸின் வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

முதலில் நிலத்தைக் காண்போம். தெற்கில் இருப்பது மேல் லவுசிட்ஸ். குன்றுகளும் நல்ல விளைநிலங்களும் உடையது. பெரும்பாலும் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்தது. வடக்கில் இருப்பது கீழ் லவுசிட்ஸ்; மணலும் பைன் காடுகளும் சதுப்பும் நிறைந்தது; பிராண்டன்பர்க் மாநிலத்தில் அடங்கியது. லவுசிட்ஸ் என்ற பெயரே சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்ப்ரே ஆறு இரண்டு பகுதிகளையும் கடந்து பெர்லினை நோக்கிச் செல்கிறது. வழியில் ஸ்ப்ரேவால்ட் என்ற காட்டுப் பகுதியில் அது நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து விடுகிறது. அங்கே தட்டையான அடிப்பாகமுடைய படகுகளைக் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு மக்கள் போக்குவரத்து நடத்தினர். லேடே என்ற ஊரில் வெப்பக் காலத்தில் தபாலும் படகில்தான் வருகிறது. அந்தப் பகுதியின் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜெர்மனி முழுவதும் பெயர் பெற்றது. கிழக்கே நைசே ஆறு, 1945 முதல் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாக இருக்கிறது. கெர்லிட்ஸ் நகரம் அந்த ஆற்றால் இரண்டு நாடுகளுக்குப் பங்காகிவிட்டது.

சோர்பியரின் முன்னோர் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டி இந்நிலத்தில் குடியேறிய ஸ்லாவியக் குலத்தினர். ஜெர்மானியர் அவர்களை வெண்டர் என்றும் அழைத்தனர். 10ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அரசர்கள் அவர்களை வென்றனர். அன்றிலிருந்து ஆயிரம் ஆண்டுகளாகச் சோர்பியருக்குத் தம்முடையது என்று சொல்ல ஓர் அரசு இருந்ததில்லை. சாலே ஆற்றுக்கும் எல்ப ஆற்றுக்கும் இடையில் அவர்களுடைய இனத்தவர் பலர் வாழ்ந்தனர். பெர்ன்பர்க் நகர நீதிமன்றத்தில் 1293இல் சோர்பிய மொழி விலக்கப்பட்டது. பிற நகரங்களும் பின்பற்றின. அப்பகுதிகளில் மொழி மறைந்தே போயிற்று. டிரெஸ்டன், லைப்சிக் முதலிய பெருநகரங்களின் பெயர்களில் மட்டும் அந்த ஸ்லாவிய வேர் ஒளிந்து கிடக்கிறது.

லவுசிட்ஸில் அது மறையாமல் நின்றது ஏன்? சதுப்பும் மணலும் குடியேறுவோரை அவ்வளவாக ஈர்க்கவில்லை என்பது ஒன்று. 1635 வரை நெடுங்காலம் அந்நாடு போகீமிய அரசரின் முடிக்கு உட்பட்டிருந்தது. அரசர் தொலைவில் இருந்தமையால் அவர் கை கிராமம் வரை எட்டவில்லை என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் சமயம். லூத்தரின் சீர்திருத்தம் பரவியபோது, வேதத்தை மக்கள் தம் மொழியிலேயே கேட்க வேண்டும் என்ற கொள்கையும் உடன் வந்தது. 1548இல் யாகுபிட்சா என்பவர் புதிய ஏற்பாட்டைச் சோர்பிய மொழியில் பெயர்த்தெழுதினார். அது கையெழுத்துப் படியாகவே நின்றது. 1574இல் மோலர் என்ற பாதிரியார் வெளியிட்ட பாடல் புத்தகமே சோர்பிய மொழியில் அச்சேறிய முதல் நூல். 1728இல் விவிலியம் முழுவதும் மேல் சோர்பிய மொழியில் வெளிவந்தது. இவ்வாறு மேல் சோர்பியம், கீழ் சோர்பியம் என இரண்டு எழுத்து மொழிகள் உருவாயின.

பௌட்சனுக்கு மேற்கே உள்ள சில ஊர்கள் கத்தோலிக்க சமயத்திலேயே நிலைத்தன. 1248இல் நிறுவப்பட்ட மரியென்ஷ்டெர்ன் கன்னிமடம் அவற்றுக்கு ஆதரவாக இருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே கறுப்பு அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஆடவர் குதிரையேறி, உயிர்த்தெழுந்த செய்தியைச் சோர்பிய மொழியில் பாடிக்கொண்டு அண்டைப் பங்குகளுக்கு ஊர்வலமாகச் செல்கின்றனர். இன்று சோர்பியம் வீட்டு மொழியாக மிக வலுவோடு இருப்பது இந்த ஊர்களில்தான்.

அம்மொழியின் அழகு ஒன்றை இலக்கண ஆசிரியர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவர். வடமொழியைப் போல அதிலும் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று எண்கள் உண்டு. நம் தமிழ், கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்' என்றும், விலக்கிச் சொன்னால் 'நாங்கள்' என்றும் வேறுபடுத்துகிறது. மேல் சோர்பியமோ இருவராக இருந்தால் 'மோய்' என்றும், அதற்கு மேற்பட்டால் 'மி' என்றும் வேறுபடுத்துகிறது. ஐரோப்பிய மொழிகள் பலவும் என்றோ கைவிட்ட இருமையை இச்சிறு மொழி இன்றும் காத்து வருகிறது.

1815இல் வியன்னா மாநாடு லவுசிட்ஸைப் பிரித்தது. கீழ் லவுசிட்ஸ் முழுவதும் பிரஷ்யாவுக்குச் சென்றது. மேல் லவுசிட்ஸிலும் ஒரு பகுதி சென்றது. பிரஷ்யப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியின் கை ஓங்கிற்று. ஆயினும் அந்த நூற்றாண்டே சோர்பியரின் மறுமலர்ச்சிக் காலமும் ஆயிற்று. ஸ்மோலர் நாட்டுப்பாடல்களைத் திரட்டி அச்சிட்டார்; செய்லர் கவிதை இயற்றினார்; 1847இல் மாச்சிட்சா செர்ப்ஸ்கா என்ற கல்விக் கழகம் தோன்றியது. 1854இல் யான் கிலியன் என்ற பாதிரியாரைப் பின்பற்றி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கப்பலேறி, அமெரிக்காவின் டெக்சாஸில் செர்பின் என்ற ஊரை அமைத்தனர். 1912இல் சோர்பியச் சங்கங்கள் ஒன்றுகூடி டொமொவினா என்ற பொது அமைப்பைத் தொடங்கின.

நாஜி ஆட்சி 1937இல் அந்த அமைப்பைத் தடை செய்தது. சோர்பிய ஆசிரியர்களும் பாதிரிமார்களும் தொலைவான ஜெர்மன் ஊர்களுக்கு மாற்றப்பட்டனர். சோர்பிய மொழியை ஒடுக்க முயன்றவர்கள் முதலில் ஆசிரியரை ஊரைவிட்டு அகற்றியது கவனிக்கத்தக்கது. அலோய்ஸ் அந்திரிட்ஸ்கி என்ற இளம் குரு 1943இல் டாக்காவ் சிறைமுகாமில் உயிரிழந்தார்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1948இல் சாக்சனிச் சட்டமன்றம் சோர்பியரின் உரிமைகளைச் சட்டமாக்கியது. சோர்பியப் பள்ளிகளும் நாடக அரங்கும் பத்திரிகைகளும் கிழக்கு ஜெர்மன் அரசின் பொருளுதவியோடு நடந்தன. ஆனால் அதே அரசு இன்னொரு கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. லவுசிட்ஸின் அடியில் பழுப்பு நிலக்கரி பரந்து கிடக்கிறது. நம் நெய்வேலியில் கிடைப்பது போன்றதே. ஆண்டவன் லவுசிட்ஸைப் படைத்தான், அதன் அடியில் கரியை வைத்தவன் சாத்தான் என்று சோர்பியர் சொல்வதுண்டு.

இந்தக் கரி மேலிருந்து திறந்து எடுக்கப்படுவது. ஆகவே அதன்மேல் ஊர் இருந்தால் ஊரை அகற்ற வேண்டும். 1924 முதலாக 130க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டன. 25,000க்கும் மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர். அவற்றுள் பல சோர்பிய மொழி வழங்கிய ஊர்கள். சுரங்கங்களிலும் மின்நிலையங்களிலும் வேலை செய்யப் பிற பகுதிகளிலிருந்து ஜெர்மன் பேசுவோர் வந்து குவிந்தனர். 1950 வாக்கில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த ஹோயர்ஸ்வெர்டா, முப்பது ஆண்டுகளில் 70,000 பேர் கொண்ட நகரமாயிற்று. நகரத்து அடுக்குமாடியில் அண்டை வீட்டார் ஜெர்மானியர், அங்காடியில் ஜெர்மன், தொழிற்சாலையில் ஜெர்மன். குழந்தையிடம் சோர்பியம் பேசுவதற்குத் தாய்க்கே காரணம் இல்லாமல் போயிற்று. சட்டம் மொழியைக் காத்தது. ஊர் போனபின் அந்தச் சட்டம் காப்பதற்கு மொழியைப் பேசும் தெரு இல்லை.

ஹோர்னோ என்ற கிராமத்தின் கதை இதனை விளக்கும். ஏறத்தாழ 350 பேர் வாழ்ந்த ஊர் அது. 1990இல் ஜெர்மனி ஒன்றானபின், சோர்பியரின் குடியிருப்பு நிலத்தைக் காக்கும் உறுதிமொழி பிராண்டன்பர்க் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் 1997இல் ஹோர்னோவை அகற்றுவதற்குத் தனிச் சட்டம் வந்தது. மக்கள் மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றனர். பின்னர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் சென்றனர். இரண்டிலும் அவர்களுக்குச் சாதகமான முடிவு கிடைக்கவில்லை. பெரும்பாலோர் ஃபோர்ஸ்ட் நகரை ஒட்டிய புதிய குடியிருப்புக்கு ஒன்றாகச் சென்றனர். 2004ஆம் ஆண்டின் இறுதியில் பழைய ஊரின் மாதாகோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. புதிய ஊரில், மறைந்த ஊர்கள் அனைத்தின் நினைவையும் காக்கும் ஆவணக்கூடம் ஒன்று 2006 முதல் இருக்கிறது.

மிகவும் நலிந்தது கீழ் சோர்பிய மொழி. பல வீடுகளில் பாட்டிமாரோடு அது நின்றுவிட்டது, பெற்றோருக்கே தெரியாது. இதனைக் கண்டு 1998இல் கோட்பஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரில் விட்டாய் என்ற பெயரால் ஒரு குழந்தைப் பள்ளி தொடங்கப்பட்டது. விட்டாய் என்றால் நல்வரவு என்று பொருள். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் கையாளப்பட்ட முறை அதற்கு முன்மாதிரி. பாடம் என்று தனியே ஏதும் இல்லை; ஆசிரியை கைகழுவச் சொல்வதும் உணவு பரிமாறுவதும் விளையாட அழைப்பதும் எல்லாம் சோர்பியத்திலேயே நடக்கும். குழந்தை கேட்டுக் கேட்டுத் தானே பேசக் கற்றுக்கொள்கிறது. பின்னர் இம்முறை வேறு ஊர்களுக்கும் பரவியது. சாக்சனி மாநிலத்துக்கு 2008 முதல் 2017 வரை முதலமைச்சராக இருந்த ஷ்டானிஸ்லாவ் டில்லிக் ஒரு சோர்பியர் என்பதும் அச்சிறு மக்களுக்குப் பெருமை தந்தது.

ஜெர்மனி 2038ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி மின்சாரத்தை முற்றிலும் நிறுத்துவதென 2020இல் சட்டம் இயற்றியுள்ளது. தோண்டிய பள்ளங்களில் நீரை நிரப்பி ஏரிகளாக மாற்றி வருகிறார்கள். நிலம் தன் காயத்தை ஒருவாறு ஆற்றிக்கொள்ளும். மொழி அவ்வாறு தானே ஆறுவதன்று. ஆயிரம் ஆண்டுகள் அரசில்லாமல் சோர்பியம் வாழ்ந்தது. வீடும் வழிபாடும் ஊரும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. அவை கலைந்த பின்னர் அது நாற்பதே ஆண்டுகளில் தளர்ந்தது. இனி அதன் வாழ்வு அந்தக் குழந்தைப் பள்ளியில் கற்ற பிள்ளை, மாலையில் வீடு திரும்பியபின் அதே மொழியில் பேச ஒருவரையாவது காண்கிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது.