ஆங்கில வசனத்தில் தோன்றா எழுவாய்

மொழி ஒவ்வொன்றிற்கும் தனக்கென ஓர் இயல்புண்டு. தாய்மொழியின் வழக்கினைப் பிறமொழியின்மீது ஏற்றியுரைக்குங்கால் பிழை நேர்தல் இயல்பே. எழுவாய் தொக்கு நிற்கும் முறை இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

வினாயகபுரம் முதல் கல்முனை வரையுள்ள கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். ஆங்கு வழிச்செல்வார் ஒருவரை “எங்கே போகிறீர்கள்?” என வினவின், “சந்தைக்குப் போகிறேன்” என விடை வரும். வினாவில் ‘நீங்கள்’ இல்லை. விடையில் ‘நான்’ இல்லை. ஆயினும் பொருள் மயங்குவதில்லை. ‘ஏன்’ என்னும் விகுதியே தன்மை ஒருமையைக் காட்டிவிடுகின்றது. இவ்வாறு வெளிப்படாது நிற்பதனைத் தோன்றா எழுவாய் என்பர்.

ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்னும் வினைமுற்று மூவிடத்திற்கும் பொது. பழைய ஆங்கிலத்தில் இடமும் எண்ணும் உணர்த்திய விகுதிகளுட் பெரும்பாலன பின்னர்த் தேய்ந்தொழிந்தன. ஆதலின் அம்மொழி எழுவாயை வேண்டி நிற்கின்றது எனலாம். எனினும் இக்காரணம் ஒன்றே அமையாது. மலையாள வினைகளும் அத்தகைய விகுதிகளை இழந்தன; ஆயினும் மலையாளத்தில் எழுவாய் தொகுகின்றது. ஆங்கிலத்திலோ, மழை பெய்கின்றது எனற்கு ‘இட் இஸ் ரெயினிங்’ என்பர். ஈண்டு ‘இட்’ எப்பொருளையும் சுட்டாது, எழுவாயின் இடத்தை நிரப்புதற்கே நிற்கின்றது. அவ்விடம் வறிதாதல் கூடாதென்பது அம்மொழியின் பொதுவிதி. அன்றியும், ‘ஹி இஸ்’ என்பது கூற்று, ‘இஸ் ஹி’ என்பது வினா; இரண்டையும் வேறுபடுத்துவது எழுவாய் நிற்கும் இடமேயாம்.

இவ்விதிக்கு விலக்குகள் சில உள. முதலாவது ஏவல்: ‘கம் ஹியர்’ என்புழி முன்னிலை தானே பெறப்படும். இரண்டாவது, ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’ என்பவற்றால் இணைந்த வினைகள்: ‘ஹி ஓபன்ட் த டோர் அண்ட் வென்ட் அவுட்’ என்பதில் இரு வினைக்கும் எழுவாய் ஒன்றே ஆதலின் மீண்டும் கூறவேண்டுவதில்லை. மூன்றாவது சுருக்கநடை: சொற்கணக்கிற் கட்டணம் பெற்ற தந்திகளிலும், நாட்குறிப்புகளிலும் ‘ஐ’ விடப்படுதல் உண்டு. நான்காவது உரையாடல்: ‘தேங்க் யூ’ என்பதில் ‘ஐ’ தொக்கது. இவ்வுரையாடற்றொகை பெரிதும் வசனத்தின் தலைப்பிலன்றி இடையில் நிகழாது.

மாணவர் வழுக்குமிடம் வேறொன்று. ‘களைப்பாக இருந்தமையால் வீட்டுக்குப் போனான்’ என்பது குற்றமற்ற தமிழ். அதனை அவ்வாறே கருதி, ‘ஹி வென்ட் ஹோம் பிகாஸ் வாஸ் டயர்ட்’ என்றெழுதின் வழுவாம். ‘பிகாஸ் ஹி வாஸ் டயர்ட்’ என்றல் வேண்டும். ‘பிகாஸ்’ போன்ற சார்பிணைப்புச் சொல்லின்பின் முற்றுவினை வருமாயின், அதற்குரிய எழுவாயும் உடன் வரல் வேண்டும். தொழில்வேண்டி வரையும் விண்ணப்பத்தில் இத்தகைய வழு மலியுமாயின், அறிவுடையான் ஒருவனும் அறியான் போலத் தோன்ற நேரும்.

ஆதலின், ‘எழுவாயை விடாதே’ என விதித்தலோடு ஆசிரியர் அமைதல் சாலாது. தமிழ் விடுவதன் காரணத்தையும், ஆங்கிலம் விடாமையின் காரணத்தையும் ஒருங்கு காட்டல் வேண்டும். இக்கரையோரத்துக் காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழுக்கு அறிமுகஞ்செய்து ‘மதங்க சூளாமணி’ இயற்றினார். இருமொழிப் புலமையாவது ஒன்றினை மற்றொன்றின் அச்சில் வார்த்தலன்று. இரண்டன் இயல்பையும் தனித்தனியே உணர்ந்து போற்றுதலேயாம்.