ஆபத்தை அறிந்தும் அகலாத அன்பு



நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியிலே கற்றோம். தொடுவோரையும் பற்றிக் கொல்லும் நோயாயின், நாம் யாது செய்வோம்?

1995ஆம் ஆண்டு, அன்று சயீர் எனப்பட்ட கொங்கோ சனநாயகக் குடியரசின் கிக்விற் நகரில் எபோலா பரவியது. நோயுற்ற 315 பேரில் ஏறத்தாழ 250 பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒருவர் மருத்துவப் பணியாளர்.

அங்கு இத்தாலியின் பேர்கமோ நகரில் தோன்றிய துறவற சபையொன்றின் அருட்சகோதரிகள் நோயாளரைப் பராமரித்து வந்தனர். சத்திரசிகிச்சைத் தாதியான அருட்சகோதரி புளோரால்பா ஏப்ரல் 25இல் இறையடி சேர்ந்தார். நோயின் பெயரை அப்போது எவரும் அறியார். ஆயினும் அதன் கொடுமையை ஏனையோர் கண்கூடாகக் கண்டனர், கண்டும் விலகினாரில்லை. நோயுற்ற சகோதரியரைப் பராமரிக்க வேறு இல்லங்களிலிருந்தும் வந்தனர். சபையின் மாகாணத் தலைவி அன்னெல்விராவும் வந்தார். மே 28க்குள் அறுவர் உயிரீந்தனர். 2021இல் திருச்சபை அறுவரையும் வணக்கத்துக்குரியோராக ஏற்றது.

கையுறையும் முகக்கவசமும் நோயாளரைப் பிரித்துப் பராமரித்தலுமே பின்னர் அந்நோயை அடக்கின. எனவே எச்சரிக்கை அன்புக்குப் பகையன்று. எச்சரிக்கை கைகளைக் கழுவச் சொல்கிறது. அச்சமோ கைகழுவிவிடச் சொல்கிறது.

நம் அயலில், தொற்றாத நோயோடு படுக்கையிலிருப்போர் எத்தனை பேர்! அவர்களை நாடிச் செல்ல நமக்குத் தடையாயிருப்பது எது? இவ்வாரம் அத்தகைய ஒருவரின் அருகே சிறிது நேரம் அமர்வோமாக.