ஒரு நாள் கூத்துக்கு எட்டு மாச வாடகை!

கடை திறப்பு விழா: அயனாவரம் டிபன் கடைக்காரரின் நோட்டுப் புத்தகக் கணக்கு

(நமது நிருபர்)

சென்னை அயனாவரம். கொன்னூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சின்னத் தெரு. ஆட்டோ வந்தால் சைக்கிள் ஒதுங்க வேண்டும். அந்தத் தெருவில் 10 அடிக்கு 12 அடியில் ஒரு டிபன் கடை வரப்போகிறது.

ஷட்டருக்குப் பச்சை பெயின்ட் அடித்தாகி விட்டது. தோசைக் கல் வந்து விட்டது. கடைக்காரருக்குத் தூக்கம்தான் வரவில்லை!

அவருக்கு வயது 34. பெயரைப் போட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக் கொண்டார். "திறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல பேர் வந்தா கண்ணு பட்டுடும் சார்" என்கிறார். 11 வருஷம் அடுத்தவர் ஓட்டலில் தோசை வார்த்தவர். மனைவியின் நகையை அடகு வைத்து, சீட்டை ஏலம் எடுத்து, 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் புரட்டியிருக்கிறார்.

10 மாச வாடகை அட்வான்ஸ் ஒரு லட்சம். அடுப்பு, பாத்திரம், கிரைண்டர், செகண்ட் ஹேண்ட் பிரிட்ஜ், பெயின்ட் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 20 ஆயிரம். அரிசி, பருப்பு, எண்ணெய் 20 ஆயிரம். கையில் மிச்சம் சரியாக ஒரு லட்சம்.

அந்த ஒரு லட்சத்துக்குத்தான் வந்தது வினை. அதன் பெயர் திறப்பு விழா!

மச்சான் போட்ட பட்டியல்

பட்டியல் போட்டவர் மச்சான். பந்தல், சீரியல் பல்பு 18 ஆயிரம். செண்டை மேளம் 15 ஆயிரம். கணபதி ஹோமம் 12 ஆயிரம். நாலு பேனர் 6 ஆயிரம். 200 பேருக்கு இலவச டிபன் 16 ஆயிரம். போட்டோ, வீடியோ 8 ஆயிரம். பட்டாசு, பலூன் 5 ஆயிரம்.

கூட்டிப் பாருங்கள். 80 ஆயிரம்! அந்தக் கடைக்கு மாச வாடகை 10 ஆயிரம். அதாவது ஒரு காலை நேரக் கூத்துக்கு எட்டு மாச வாடகை.

"ஊர் கூடினாத்தானே மாமா கடை நிக்கும்?" என்பது மச்சான் கட்சி. மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. மிச்சமிருக்கும் 20 ஆயிரத்தில் இரண்டாம் மாத வாடகையும் மாவு ஆட்டும் பையனின் சம்பளமும் எப்படி வரும் என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

அஞ்சு பைசா பிரியாணி

கூட்டம் வருமா, வராதா என்ற கேள்விக்கே இடமில்லை. இலவசம் என்றால் வரும். வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு மதுரைக்காரர்கள் சாட்சி.

2021 ஜூலையில் மதுரை செல்லூரில் ஒரு பிரியாணிக் கடை திறந்தார்கள். பழைய 5 பைசா நாணயம் கொண்டு வந்தால் பிரியாணி என்று அறிவிப்பு. எந்த டப்பாவில் இருந்து எடுத்தார்களோ, நூற்றுக்கணக்கான பேர் 5 பைசாவோடு வந்து நின்றார்கள்! அது கொரோனா காலம். இடைவெளியும் இல்லை, முகக்கவசமும் இல்லை. கடைசியில் திறந்த நாளிலேயே ஷட்டரை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

நம் அயனாவரத்துக்காரருக்கு இந்தக் கதை தெரியும். பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெரியவர்தான் சொன்னாராம். பெரியவருக்கு அந்தத் தெருவில் 30 வருஷ வியாபாரம். "தம்பி, ஓசியில சாப்பிட வர்றவன் அடுத்த தெரு, அதுக்கு அடுத்த தெருக்காரன். நாளைக்குக் காசு குடுத்து இட்லி வாங்கப்போறவன் எதிர்வீட்டுக்காரன். அவன் வீட்டு வாசல்ல நீ பந்தல் கால் நட்டா எப்படிடா வருவான்?"

பேனர், பலூன், பூசணிக்காய்

போலீஸ் செய்தி எழுதும் நமக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

2019 செப்டம்பர் 12 மறந்திருக்காது. பள்ளிக்கரணையில் ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக நடுரோட்டுத் தடுப்பில் வைத்த பேனர், ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. நிலை தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வேலை முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த பெண்! கல்யாண வீட்டார் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. வாழ்த்துச் சொல்லத்தான் பேனர் கட்டினார்கள்.

பலூனும் லேசுப்பட்டதல்ல. 2020 செப்டம்பரில் அம்பத்தூர் பக்கம் ஒரு கட்சி விழா. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்கள் ஒரு பக்கம், பட்டாசு ஒரு பக்கம். தீப்பொறி பட்டதும் பலூன்கள் வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். டிபன் கடை வாசலில் பலூன், பட்டாசு இரண்டோடு கேஸ் அடுப்பும் சேரும்.

பூசணிக்காய் தனிக் கதை. திருஷ்டி கழிய நடுரோட்டில் உடைக்கிறார்கள். உள்ளே குங்குமம், சில்லறைக் காசு. கடைக்காரர் திருஷ்டி போய் விடுகிறது. அது அப்படியே பைக்கில் வருகிறவன் சக்கரத்தில் ஏறிக் கொள்கிறது! "உடைக்கட்டும், யார் வேணாம்னது? ஓரமா உடைச்சு உடனே பெருக்கி எடுத்தா என்ன?" என்று கேட்கிறார் அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அம்மா. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும்.

நல்ல நேரமும் ஸ்கூல் வேனும்

மாமியார், பிரம்ம முகூர்த்தத்தில் 4.30 மணிக்கே மைக் செட் போட்டுப் பாட்டு வைக்க வேண்டும் என்றாராம். நடக்காது. இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு முதல் உள்ள விதி. மற்ற நேரத்துக்கும் போலீஸ் அனுமதி வேண்டும்.

ஜோசியர் திங்கட்கிழமை குறித்தார். திங்களன்று ராகு காலம் 7.30 முதல் 9. அது கழிந்து 9.15-க்குத் திறக்கலாம் என்று யோசனை. ஏட்டையா ஒருவர் தலையில் அடித்துக் கொண்டார். "அந்த நேரத்துல ஆபீஸ் போறவன், ஸ்கூல் வேன், தண்ணி லாரி எல்லாம் இதே தெருதான்யா!"

காலண்டரைப் புரட்டினால் அதே திங்களில் காலை 6.15 முதல் 7.15 வரையும் நல்ல நேரம் போட்டிருக்கிறது. யாருமே அதைப் பார்க்கவில்லை!

இத்தனை தடபுடலுக்கு நடுவே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாரா, மாநகராட்சியில் தொழில் உரிமம் கேட்டாரா என்று விசாரித்தோம். "அழைப்பிதழ் அடிச்சிட்டு பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார். நல்ல வேளை, அழைப்பிதழ் அச்சுக்குப் போகவில்லை. வீட்டு கேஸ் சிலிண்டரைக் கடையில் வைத்தாலும் பிடிப்பார்கள், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக. தமிழுக்கு 5 பங்கு என்றால் ஆங்கிலத்துக்கு 3. அவர் எழுதக் கொடுத்திருந்ததில் இங்கிலீஷ் ஒரு முழம், தமிழ் ஒரு விரல்!

முதல் போணி யாருக்கு?

இரண்டு நாள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தோம். நோட்டில் பாதிக்கு மேல் சிவப்பு மையால் அடித்திருந்தது. பேனர் இல்லை, பலூன் இல்லை, மைக் இல்லை. பந்தலுக்குப் பதில் வாசலில் இரண்டு வாழை மரம். ஹோமத்துக்குப் பதில் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றிச் சாமி கும்பிடுவார்கள். உரிமக் காகிதம் கைக்கு வந்ததும் அதற்கு அடுத்த திங்கள் காலை 6.15-க்குத் திறப்பு.

இலவச டிபனும் இல்லை. முதல் வாரம் முழுக்க இட்லி, பொங்கல் பாதி விலை. 500 துண்டு நோட்டீஸ் அடித்து அந்த நாலு தெருவுக்கு மட்டும் வீடு வீடாக அவரே கொடுக்கிறார். "அப்பத்தான் நம்ம மூஞ்சி தெரியும்" என்கிறார். எல்லாம் சேர்த்து 14 ஆயிரத்துக்குள் முடிகிறதாம்.

முதல் போணி கவுன்சிலர் கையால் என்று மச்சான் ஏற்பாடு செய்திருந்தார். அதுவும் மாறி விட்டது. ஜெராக்ஸ் கடைப் பெரியவர்தான் காசு கொடுத்து முதல் பொட்டலம் வாங்கப் போகிறார். ராசியான கை என்று தெருவில் பேச்சு.

மச்சான் இரண்டு நாளாகப் பேசுவதில்லை. செண்டை மேளத்துக்குக் கொடுத்த 2 ஆயிரம் அட்வான்ஸும் திரும்ப வரவில்லை.