பகலாடிகளின் கண்கள்

பகல் வெளிச்சத்தில் இரை தேடி, இருட்டியதும் அடங்கிவிடும் விலங்குகளைப் பகலாடிகள் என்றும், இரவில் நடமாடுபவற்றை இரவாடிகள் என்றும் உயிரியலாளர்கள் வகைப்படுத்துகின்றனர். காகம், மயில், ஓணான், அணில், குரங்கு, வண்ணத்துப்பூச்சி என அன்றாடம் கண்ணில் படும் உயிரினங்களில் பெரும்பாலானவை பகலாடிகளாக இருப்பதால், பகலில் வாழ்வதே இயற்கையின் பொது விதி என்று தோன்றக்கூடும். ஆயினும் பாலூட்டி இனங்களில் பெரும்பான்மையானவை எலி, வௌவால் போன்ற இரவாடிகளே.

இதன் காரணத்தை டைனோசர்களின் காலத்தில் தேட வேண்டியிருக்கிறது. பகற்பொழுது டைனோசர்களின் ஆதிக்கத்தில் இருந்தபோது, உருவில் சிறிய தொடக்கக்காலப் பாலூட்டிகள் இரவிலேயே உயிர்பிழைத்தன என்ற கருத்தை 1942-இல் கார்டன் வால்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் முன்வைத்தார். பாலூட்டிகள் பகலில் நடமாடத் தொடங்கியது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகே என்ற முடிவுக்கு, 2,400-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் வந்து சேர்ந்தது.

அந்த நீண்ட இரவின் தடயம் இன்றும் பாலூட்டிகளின் விழித்திரையில் இருக்கிறது. மங்கிய ஒளியை உணர்பவை கோல் செல்கள்; நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். பெரும்பாலும் பகலிலேயே வாழும் பறவைக் குலத்தில் நிறம் காணும் கூம்புகள் பொதுவாக நான்கு வகை. நாய், மாடு, மான் உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகளுக்கோ இரண்டே வகை என்பதால் சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு வேறுபட்டுத் தெரிவதில்லை. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதனும் பகலுக்குத் திரும்பிய பரம்பரையில் வந்தவர்கள் என்பதால், மூன்றாவது வகையைப் பின்னாளில் பெற்றுக்கொண்டனர்.

அணில் குடும்பத்தில் இந்த வேறுபாட்டை அருகருகே வைத்துக் காணலாம். பகலில் திரியும் அணிலின் கண் வில்லை மஞ்சள் சாயம் கொண்டிருப்பதால், கூசும் ஒளியைக் கறுப்புக் கண்ணாடிபோலத் தடுத்து, காட்சியைத் தெளிவாக்குகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பறக்கும் அணிலோ இரவாடி என்பதால், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் வீணாக்காத நிறமற்ற வில்லையையும் பெரிய கண்களையும் பெற்றிருக்கிறது.

சூரியன் தருவது ஒளியை மட்டுமன்று, வெப்பத்தையும்தான். தன் உடல் வெப்பத்தைத் தானே போதிய அளவு உண்டாக்க இயலாத ஓணான், காலை வெயிலில் காய்ந்து உடல் சூடேறிய பின்னரே சுறுசுறுப்பாக இரை தேடுகிறது. இந்த வெப்பத்தையே கேடயமாக்கிக்கொண்டது சகாராவின் வெள்ளி எறும்பு: தன்னைத் தின்னும் பல்லியினங்கள் சூடு தாங்காமல் வளைக்குள் ஒதுங்கும் உச்சிப்பொழுதில், இது சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து, வெப்பத்தால் மடிந்த பூச்சிகளைப் பொறுக்கிச் செல்கிறது. அதன் உடலைப் போர்த்தியுள்ள முக்கோண வடிவக் குறுக்குவெட்டு கொண்ட மயிர்கள் வெயிலைத் திருப்பியனுப்புவதோடு, உடல் சூட்டையும் வெளியேற்றுகின்றன. எனினும் உடல் வெப்பம் ஏறத்தாழ 53 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எறும்பு இறந்துவிடும்.

இவ்வாறு எதிரி இல்லாத பொழுதைத் தேர்ந்துகொள்வது விலங்குகளின் இயல்பு என்பதால், மனிதன் பகலை நிரப்பிவிட்ட இடங்களில் அவை இரவை நாடத் தொடங்கியுள்ளன. ஆறு கண்டங்களைச் சேர்ந்த 62 பாலூட்டி இனங்கள் குறித்த தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, பகலிலும் இரவிலும் சரிபாதியாக நடமாடும் ஒரு விலங்கு, மனிதத் தொல்லை மிகுந்த இடத்தில் தன் நடமாட்டத்தில் 68 விழுக்காட்டை இரவில் மேற்கொள்ளும். பழக்கத்தை ஒரே தலைமுறையில் மாற்றிக்கொள்ள முடிந்தாலும் கண்ணின் அமைப்பு மாறப் பல தலைமுறைகள் ஆகும் என்பதால், பகலுக்கென அமைந்த உடலோடு இருளில் இரை தேட நேரும் விலங்கு பசியையும் இரவில் வேட்டையாடும் பகைவரையும் ஒருசேர எதிர்கொள்கிறது. ஆகவே, காடுகளைக் காப்பது என்பது விலங்குகளுக்கு உரிய இடத்தைக் காப்பதோடு, அவற்றுக்கு உரிய பொழுதைக் காப்பதுமாகும்.